முகமும் எலும்பும்

கிண்டியிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பகுதியில், சென்னைக்கென்றே ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் கைகோத்து 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று இந்தியச் சாலைகள் மூன்று பெயர்களை மட்டுமே அறிந்திருந்த காலத்தில் மூன்றாவது பெயர் இந்த ஊருடையது. பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1961இல் இங்கே வந்தது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். அந்த அமைப்பு நம் சாலைகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவரவில்லை என்பதால், 1972இல் வந்த கெஸல் மாடலில் அதைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சைப் பொருத்தினார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத, ஓட்டுபவருக்கு மட்டும் தெரிகிற திருத்தம் அது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் இதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 காரின் உடல், ரோவர் எஸ்.டி.1 என்ற பிரிட்டிஷ் காருடையது. 1976இல் அங்கே அறிமுகமாகி, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற அழகான வடிவம். அங்கே அந்த உடலை இழுத்தது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின். இங்கே அதற்குள் வைக்கப்பட்டதோ 1940களில் வேன்கார்டு காருக்காக உருவான எஞ்சினின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின்.

மூன்றே ஆண்டுகளில், 1988இல், தொழிற்சாலை மூடப்பட்டது. ஒரு தொழிற்சாலை சாவதற்கு எப்போதும் பல காரணங்கள் உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்தியர்கள் காரைப் பார்க்கும் கண்ணையே மாற்றியிருந்தது. ஸ்டாண்டர்டு 2000இன் விலையும் அதிகம். ஆனாலும் அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எஞ்சினின் பங்கு விளங்கும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் கொண்டுவந்த கான்டெஸாவும் பிரிட்டிஷ் உடலுக்குள் அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினைத் திணித்த கார்தான். பெரிய உடலை அந்தச் சிறிய எஞ்சின் மூச்சுவாங்க இழுத்தது. அந்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தித் தவறைத் திருத்திக்கொண்டது. முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலே கான்டெஸா 2002 வரை உற்பத்தியில் இருந்தது. ஸ்டாண்டர்டு 2000க்கு அப்படி ஒரு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

இதே சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரில், கதை மறுபக்கமாக நடந்தது. 1955இல் இங்கே புல்லட்டை உருவாக்கத் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் அதன் முகத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கிறது. பெட்ரோல் டேங்கின் உருண்டை வடிவமும் அதில் கையால் இழுக்கும் கோடும் முன்விளக்கின் மேல் நிற்கும் சிறு விளக்குகளும் தாத்தா ஓட்டிய வண்டியில் இருந்தவைதான். உள்ளே இருப்பவை வேறு. எஞ்சினும் கியர்பெட்டியும் தனித்தனியாக இருந்த வார்ப்பிரும்புக் காலம் போய், 2009ஐ ஒட்டி இரண்டும் ஒரே கூட்டில் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. பிறகு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் ஏ.பி.எஸ். பிரேக்கும் வந்தன. 2021 செப்டம்பரில் வந்த கிளாசிக் 350இல் எஞ்சினும் சேசிஸும் முற்றிலும் புதியவை; 2023இல் புல்லட்டும் அதே சேசிஸுக்கு மாறியது. பழைய துடிப்புச் சத்தம் குறைந்துவிட்டதே என்று ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அதிர்வும் எண்ணெய்க் கசிவும் பிரேக்கின் பலவீனமும் குறைந்ததும் உண்மை. இருசக்கர வாகனத்தைக் காரோடு ஒப்பிடுவதற்கு வரம்பு உண்டு. இருந்தாலும் இந்தியச் சந்தையில் வயதாகும் மாடல்களை நிறுவனங்கள் என்ன செய்யவேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஊரின் வடக்கும் தெற்கும் தருகிற இரண்டு விடைகளைவிடத் தெளிவானவை வேறு எனக்குத் தெரியவில்லை. பழைய முகத்தோடு புதிய உள்ளுடல் பிழைத்திருக்கிறது. புதிய முகத்தோடு பழைய உள்ளுடல் பிழைக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடிய காரைப் பற்றிய பேச்சு வேறு. பதினைந்து ஆண்டுக்கு முன் வரையப்பட்ட வடிவத்தை இன்று புதிதாக அச்சடித்து ஷோரூமில் நிறுத்துவது பற்றிய பேச்சு வேறு. முதலாவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது, எஃப்.சி. இருக்கிறது, பதிவைப் புதுப்பிக்கும் விதி இருக்கிறது. இரண்டாவதற்குக் கணக்குக் கேட்பவர் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் அந்தக் கார் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும்; அதன் உடல் எந்த ஆண்டில் வடிவமைக்கப்பட்டது என்பது எங்கும் இருக்காது. வாங்குபவரும் விற்பவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவர்கள் பேசிக்கொள்வது ‘ஃபேஸ்லிஃப்ட்’ பற்றி.

ஃபேஸ்லிஃப்ட் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கார் உடலின் எஃகுத் தகடுகள் பெரிய பிரஸ் இயந்திரங்களில், ராட்சத இரும்பு அச்சுகளுக்கு நடுவில் அழுத்தப்பட்டு உருவாகின்றன. கதவு, கூரை, தரை, கூரையைத் தாங்கும் தூண்கள் ஆகியவற்றுக்கான அச்சுகளைச் செய்வதும், அவற்றை ஒட்டவைக்கும் வெல்டிங் வரிசையை அமைப்பதும், மாற்றிய உடலை மீண்டும் மோதிச் சோதிப்பதும்தான் ஒரு மாடலின் பெருஞ்செலவு. பம்பரும் கிரில்லும் விளக்குக் கூடுகளும் பிளாஸ்டிக். அவற்றின் அச்சுச் செலவு ஒப்பீட்டில் சிறியது. ஆகவே மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை முன்பக்கமும் பின்பக்கமும் மாறும், டேஷ்போர்டில் பெரிய திரை வரும், இருக்கைத் துணியின் நிறம் மாறும். புதிய மாடல் என்று சொல்லப்படுகிற பல கார்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கதவின் கோடும் கண்ணாடியின் சரிவும் பழையதாகவே இருக்கும். ஏழெட்டு ஆண்டு விற்ற மாடலின் அச்சுச் செலவு எப்போதோ ஈடுகட்டப்பட்டிருக்கும். அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு காரிலும் லாபம் கூடும், அல்லது விலையைக் குறைத்து விற்க முடியும். பழைய மாடல் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இவ்வளவுதான். இதில் மோசடி எதுவும் இல்லை. முகத்தை மாற்ற ஒதுக்கும் பணத்தையும் கவனத்தையும் எலும்புக்கும் பிரேக்குக்கும் ஒதுக்குகிறார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எலும்பு என்று நான் சொல்வது உருவகமாக மட்டும் இல்லை. மோதலின்போது பயணிகள் உட்கார்ந்திருக்கும் கூடு நசுங்காமல் நிற்கிறதா என்பதைத்தான் மோதல் சோதனைகள் முதலில் பார்க்கின்றன. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஐந்து இந்தியக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஆல்ட்டோ 800, நானோ, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் தயாரான ஹூண்டாய் ஐ10, மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகள் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். செய்தித்தாள்கள் அந்தப் பூஜ்யத்தோடு நின்றுவிட்டன. அறிக்கையில் அதைவிட முக்கியமான வேறொன்று இருந்தது. ஆல்ட்டோ, நானோ, ஐ10 ஆகியவற்றின் கூடு தாங்கவில்லை. ஃபிகோ, போலோ ஆகியவற்றின் கூடு உறுதியாக நின்றது. கூடு நின்ற போலோவில் இரண்டு ஏர்பேக் சேர்த்துச் சோதித்தபோது அது நான்கு நட்சத்திரம் பெற்றது, அந்த நிறுவனமும் ஏர்பேக் இல்லாத வகையின் விற்பனையை நிறுத்தியது. கூடு நசுங்கும் காரில் ஏர்பேக்கை மட்டும் திணித்தால் அந்தப் பலன் கிடைக்காது, ஏனென்றால் பையும் மனிதரும் சேர்ந்தே நசுங்குவார்கள். ஆக, பழைய மாடலைப் புதுப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை அந்த மாடலின் எலும்பில் இருக்கிறது. சிலவற்றைத் திருத்தலாம். சிலவற்றை ஓய்வுக்கு அனுப்புவதே நியாயம்.

வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கும் இதே ஊரில் சான்று இருக்கிறது. 2015இல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ க்விட் புத்தம் புது மாடல். 2016 மே மாதச் சோதனையில் அதற்குக் கிடைத்ததும் பூஜ்யம்தான். மறுபுறம், டாடா நெக்ஸானின் அடித்தளம் 1998இன் இண்டிகாவிலிருந்து படிப்படியாகத் திருத்தி வளர்க்கப்பட்டது. அந்த நெக்ஸான் 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த மதிப்பீட்டை எட்டிய முதல் இந்தியத் தயாரிப்பு அதுவே. விதிகள் கடுமையான பின்பு 2024இல் மீண்டும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதிக வலிமையுள்ள எஃகை உரிய இடங்களில் சேர்ப்பது, இணைப்புகளை மாற்றுவது, மோதல் விசை எந்த வழியாகப் பாயவேண்டும் என்று திட்டமிடுவது ஆகியவை பழைய அடித்தளத்தில் செய்யக்கூடாத வேலைகள் இல்லை. நிறுவனம் மனம் வைக்க வேண்டும், பணம் வைக்க வேண்டும். பழைய வீட்டின் அஸ்திவாரத்தைச் சோதித்து, தூண்களைப் பலப்படுத்தி மேலே கட்டுவதை மயிலாப்பூரில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சுண்ணாம்பு அடித்து வாடகைக்கு விடுவதையும் பார்க்கிறோம்.

அரசு விதிகள் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான வழக்கத்தைக் கொண்டிருக்கின்றன. மோதல் சோதனை விதி புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரில் வந்தது. ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரில். ஏ.பி.எஸ். பிரேக்கும் அப்படித்தான், 2018 ஏப்ரலும் 2019 ஏப்ரலும். முன்பயணிக்கான ஏர்பேக் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரலில் கட்டாயமானது, பழையவற்றுக்கு அந்த ஆண்டு இறுதிவரை அவகாசம் கிடைத்தது. தொழிற்சாலை வரிசையை ஒரே இரவில் மாற்ற முடியாது என்பதால் அவகாசம் தருவது நியாயமே. ஆனால் அதிகம் விற்பவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் மாடல்கள்தான். அதாவது மிகுதியான மக்கள் ஏறுகிற வண்டிக்கே பாதுகாப்பு கடைசியில் வந்து சேருகிறது. தவிர, விதி கேட்கும் முன்மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். நட்சத்திரம் தரும் சோதனையில் 64. எட்டு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால் அந்த எட்டு கிலோமீட்டர் ஏறத்தாழ முப்பது சதவீதம் கூடுதல் ஆற்றல். விதியைத் தாண்டினோம் என்று சொல்வதும் பாதுகாப்பானது என்று சொல்வதும் ஒன்றாகாது.

ஆயினும் விதி வந்தபோதெல்லாம் அது வேலை செய்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தபோது, தன் எஞ்சினைத் திருத்துவதைவிட விலகுவதே மேல் என்று மாருதி 800 இந்த நகரங்களின் ஷோரூம்களிலிருந்து இறங்கியது; 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது. பாதுகாப்பு விதிகள் நெருங்கியபோது 1984இல் தொடங்கிய ஆம்னி 2019இல் விடைபெற்றது. பிரேசிலில் 1957 முதல் ஓடிய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் 2014 தொடக்கத்தில் கட்டாயமானபோது அதற்கு முந்தைய மாதத்தோடு நிறுத்தப்பட்டது. பல பதிற்றாண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்டது, ஒரு தேதி குறித்ததும் முடிந்துவிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மிக வலுவானது விலை பற்றியது. ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேராகப் போகும் குடும்பத்துக்கு மலிவான கார்தான் அடுத்த படி. புதுப்பிக்கிறேன் என்று விலையை ஏற்றினால் அந்தக் குடும்பம் ஸ்கூட்டரிலேயே தங்கிவிடும். பூஜ்ய நட்சத்திரக் கார்கூட ஸ்கூட்டரைவிடப் பாதுகாப்பானது. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் மிகப் பெரிய பகுதி இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆனால் இந்த வாதம் உண்மையாக இருக்க வேண்டுமானால், நிறுவனங்கள் மலிவான கார்களில் மேலதிகச் செலவு எதையும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதே கார்களில் குரோமியப் பட்டைகளும் திரைகளும் இரட்டை வண்ணக் கூரையும் ஆண்டுதோறும் சேர்ந்தன. 2025 மே மாதத்தில் மாருதி நிறுவனம் ஆல்ட்டோ கே10, வேகன்ஆர், செலெரியோ, ஈகோ ஆகியவற்றின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகளை வைத்தது. ஈகோவின் வம்சம் 2001இன் வெர்ஸாவிலிருந்து வருவது. 2016 சோதனையில் பூஜ்யம் பெற்றது. அதிலேயே ஆறு ஏர்பேக் சாத்தியம் என்றால், முடியாது என்று இத்தனை ஆண்டுகள் சொல்லப்பட்டதன் பொருள் என்ன? எலும்பைத் திருத்தாமல் பைகளை மட்டும் சேர்த்தால் பலன் அரைகுறைதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஸ்கூட்டர் குடும்பம் முதலில் வாங்குவது பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட் கார். இன்றைய புதுக் காரின் எலும்பு உறுதியாக இருந்தால், எட்டு ஆண்டு கழித்து அது மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அந்தக் குடும்பத்திடம் வரும்போதும் உறுதியாகவே இருக்கும். இன்று பலவீனமான கூட்டை விற்றால் அந்தப் பலவீனம் இருபது ஆண்டுகளுக்குச் சாலையில் கைமாறிக்கொண்டே இருக்கும்.

தி. நகரில் நின்று யோசிப்பவருக்கு வேறொரு ஐயம் எழலாம். உஸ்மான் சாலையில் கார் ஊர்கிறது, மயிலாப்பூர் மாட வீதிகளில் தேரைவிட மெதுவாகப் போகிறது, அடையாறு எல்.பி. சாலையில் மாலையில் நடப்பவர்கள் காரை முந்துகிறார்கள். அறுபத்து நான்கு கிலோமீட்டர் வேகச் சோதனை இவர்களுக்கு எதற்கு? ஆனால் அதே கார்தான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறுபடி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் நோக்கி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; சனிக்கிழமை ஈ.சி.ஆரில் போகிறது. நகரத்துக்கென்று ஒரு காரும் நெடுஞ்சாலைக்கென்று ஒரு காரும் வைத்திருக்கும் குடும்பங்கள் மிகக் குறைவு. 2022இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நகருக்குள்ளும் புதுப்பித்தலின் பலன் காருக்குள் இருப்பவரோடு முடிந்துவிடுவதில்லை. பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்பதும், பாதசாரியின் காலிலும் தலையிலும் படும் முன்பகுதி சற்றே உள்வாங்கும்படி இருப்பதும், புகை குறைவதும் பாண்டி பஜாரில் பைகளோடு சாலையைக் கடப்பவருக்கான பாதுகாப்பு. கார் வாங்கும் முடிவில் அவருக்குப் பங்கே இல்லை.

முடிவில் பங்கில்லாத இன்னொருவர் கால் டாக்சியின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர். பழைய மாடல்களின் பிற்காலம் இந்தியாவில் பெரும்பாலும் டாக்சியாகத்தான் கழிகிறது. அம்பாசடரும் இண்டிகாவும் அப்படித்தான் வாழ்வை முடித்துக்கொண்டன. 2017இல் டிசையர் புதிய உடலோடு வந்தபோது அதற்கு முந்தைய தலைமுறை ‘டூர்’ என்ற பெயரில் டாக்சிக்காரர்களுக்காகத் தொடர்ந்து விற்கப்பட்டது. 2023இல்தான் டூர் அந்த 2017 உடலுக்கு மாறியது. 2024 நவம்பரில் அடுத்த டிசையர் வந்து ஐந்து நட்சத்திரமும் பெற்றது. அந்த ஆண்டுகளில் சொந்தமாக வாங்கியவர் புதிய எலும்போடு போனார், வாடகைக்கு ஏறியவர் ஒரு தலைமுறை பின்தங்கிய எலும்போடு போனார். டாக்சி ஓட்டுபவருக்குக் கடன் தவணைதான் வாழ்க்கை. முதலீடு குறைந்தால்தான் பிழைப்பு என்பது உண்மை. ஆனால் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் காரில் உட்கார்ந்திருப்பவரும் அவரே. டாக்சிகளில் டொயோட்டா எட்டியோஸ் நீண்ட காலம் விரும்பப்பட்டது. இரண்டு ஏர்பேக்குகளை எல்லா வகையிலும் வைத்து, 2016இல் நான்கு நட்சத்திரம் பெற்ற கார் அது. உறுதியும் டாக்சிப் பிழைப்பும் ஒத்துப்போகாது என்ற எண்ணத்தை அந்த ஒரு காரே பொய்யாக்கியது.

பழைய மாடலுக்கு ஆதரவான வாதங்களில் என் மனதைத் தொடுவது மெக்கானிக்குகளுடையது. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும், பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புறுப்பாக விற்கும் புதுப்பேட்டையும் இந்த நகரத்தின் பெரும் சொத்து. ஒரு மாடல் பதினைந்து ஆண்டு மாறாமல் இருந்தால் அதன் கிளட்ச் தட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், சந்து வொர்க்‌ஷாப்பில் இருக்கும் பையனுக்கும் அதன் நோய் தெரியும். மாடலை அடிக்கடி மாற்றினால் இந்த அறிவு வீணாகிறது. புதிய கார்களில் மின்னணுப் பெட்டிகள் பெருகி, நிறுவனத்தின் கணினி இல்லாமல் ஒரு கோளாறைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத நிலை வருகிறது. மழைக்காலத்தில் இது இன்னும் உறைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற புதிய கார்களின் மின்னணுப் பகுதிகளை மாற்ற ஆன செலவு பலருடைய சேமிப்பைக் கரைத்தது. இன்று கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. பழைய அம்பாசடராக இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, பிளக்கைக் காயவைத்து ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

இந்த வாதத்தின் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது எதைக் காக்கச் சொல்கிறது என்று கவனித்துப் பார்த்தால், காக்கச் சொல்வது தேய்ந்து மாறும் உறுப்புகளைத்தான். கிளட்ச், பிரேக் பட்டை, பேரிங், வடிகட்டி, முன்சக்கர இணைப்புகள். இவை அப்படியே தொடரலாம், தொடர வேண்டும். தூணின் எஃகை மாற்றுவதாலோ, கூட்டை உறுதிப்படுத்துவதாலோ ஜி.பி. ரோட்டுக் கடைக்காரருக்கு எந்த நட்டமும் இல்லை. அவருக்கு நட்டம் உண்டாக்குவது ஃபேஸ்லிஃப்ட்தான். விளக்கின் வடிவம் மாறுகிறது, பம்பரின் கொக்கி மாறுகிறது, இரண்டு வருடம் முன்பு வாங்கி அடுக்கிய சரக்கு அலமாரியிலேயே தங்கிப்போகிறது. முகத்தைக் குறைவாகவும் எலும்பை அதிகமாகவும் திருத்துகிற பழக்கம் வந்தால் மெக்கானிக்கும் பிழைப்பார், பயணியும் பிழைப்பார். மின்னணுச் சிக்கல் தனி வழக்கு. கோளாறைக் கண்டறியும் முறையை வெளி வொர்க்‌ஷாப்புகளுக்கும் திறந்துவிட நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதே அதற்கு வழி. அதற்காகப் பலவீனமான கூட்டில் பயணம் செய்யச் சொல்ல முடியாது.

வாங்குபவர்களே பழையதை விரும்புகிறார்களே, சந்தை தீர்மானிக்கட்டும் என்றும் சொல்வார்கள். 2000இல் வந்த பொலேரோ இன்றும் விற்கிறது. ஹைகிராஸ் வந்த பிறகும் இன்னோவா கிரிஸ்டாவுக்கு ஆள் இருக்கிறார்கள். நம்பிப் பழகிய ஒன்றை விடாமல் இருப்பது மனித இயல்பு, அதில் குறையில்லை. ஆனால் சந்தை தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் சாட்சி முன்னால் இருக்க வேண்டும். மெக்சிகோவில் நிசான் நிறுவனம் சுரு என்ற காரை 1992 முதல் ஏறத்தாழ மாற்றமில்லாமல் விற்றது, மக்களும் வாங்கினார்கள். 2016 அக்டோபரில் அந்தச் சுருவையும் அதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற வெர்ஸாவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் அந்தந்த நாட்டில் அந்த நிறுவனத்தின் மலிவான கார்கள். ஒன்றின் கூடு நின்றது, மற்றதன் கூடு ஓட்டுநர் பொம்மையின் மேல் மடிந்தது. அந்தச் சோதனை நடக்கவிருந்த வேளையிலேயே சுருவை 2017 மே மாதத்தோடு நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சந்தை சொல்லாத தீர்ப்பைச் சில நொடிக் காட்சி சொன்னது. இந்தியாவிலும் நட்சத்திரங்கள் விளம்பரத்துக்கு வந்த பின்புதான் ஷோரூமில் மைலேஜ் கேள்விக்குப் பக்கத்தில் பாதுகாப்புக் கேள்வியும் எழுந்தது.

நிறுவனத்தின் நலன் என்ற கோணத்திலும் சென்னை பார்த்த ஒரு காட்சி உண்டு. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த அதே ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே, மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தது. அங்கிருந்து 2013இல் வந்த எகோஸ்போர்ட், நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்.யூ.வி. என்ற வகைக்கே இந்தியாவில் பாதை போட்டது. 2016இல் விட்டாரா பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தே வென்யூ என்று போட்டி வளர்ந்தது. எகோஸ்போர்ட்டுக்கு 2017இல் கிடைத்தது பெரும்பாலும் முகத் திருத்தம். உடல் 2013இனுடையதாகவே கடைசிவரை நின்றது. மகிந்திராவோடு சேர்ந்து புதிய மாடல்களைக் கொண்டுவரும் திட்டம் 2020இன் கடைசி நாளில் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்திய உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றும் சொன்னது. உற்பத்தித் திறன் முழுதும் பயன்படாமல் கிடந்தது முதலிய பெரிய காரணங்கள் அதற்கு உண்டு. ஒரு காரின் வயதின் மேல் எல்லாப் பழியையும் ஏற்றுவது சரியாகாது. ஆனால் அடுத்த தலைமுறை வரப்போவதில்லை என்பதை வாங்குபவர்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பின் பழைய அச்சின் மலிவு லாபம் நிறுவனத்தைத் தாங்குவதில்லை.

செய்யவேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனைக்குக் கார்களை அனுப்புவது இப்போது நிறுவனத்தின் விருப்பம். ஒரு மாடல் சந்தைக்கு வந்து ஆறேழு ஆண்டுகள் ஆனபின் அதை மறுபடி சோதித்து முடிவை ஒட்டிய பிறகே விற்கலாம் என்று அந்த விருப்பத்தைக் கடமையாக்கலாம். புதிய மாடல், இருக்கும் மாடல் என்ற இரண்டு தேதி வழக்கத்தில் இடைவெளியை ஆறு மாதத்துக்குள் கொண்டுவரலாம். டாக்சிக்காக விற்கப்படும் காருக்கு, அதே பெயரில் பொதுமக்களுக்கு விற்கப்படும் காரைவிடப் பழைய கூடு இருக்கக்கூடாது என்று விதிக்கலாம். கூடுதல் விலையை ஈடுகட்ட டாக்சி வாங்குபவருக்கு வரியில் சலுகை தரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபோது அந்தக் குறைப்பு எல்லாச் சிறிய காருக்கும் ஒரே அளவில் கிடைத்தது, கூடு நிற்கும் காருக்கும் நசுங்கும் காருக்கும் வித்தியாசம் பார்க்கப்படவில்லை. அடுத்த முறையாவது பார்க்கலாம். இவற்றில் எதுவும் நடக்காவிட்டாலும், உடனே நடக்கக்கூடிய ஒன்று உண்டு. மாத்திரை அட்டையில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருப்பதுபோல, ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளை ஒட்டவேண்டும். இந்தக் கூடு வடிவமைக்கப்பட்ட ஆண்டு ஒன்று, கடைசியாக மோதிச் சோதிக்கப்பட்ட ஆண்டு மற்றொன்று. அண்ணா சாலையிலோ ஜி.என். செட்டி சாலையிலோ குடும்பத்தோடு கார் பார்க்க வருபவர், விளக்கின் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு எண்களைப் படித்துவிட்டு உள்ளே ஏறி உட்காரட்டும்.